அண்ணன் படித்துப் பார்க்கக்கூடிய ஒரு கடல் குவில்ட்

கேள்வி இதுதான்: கப்பலில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு நாற்பதாவது பிறந்தநாள் வருகிறது. மூன்று மாதம் இருக்கிறது. தங்கைக்கு மெஷினில் நேர்த்தையல் நன்றாக வரும், ஆனால் குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை) தைத்ததில்லை. கடலை நினைவூட்டும் குவில்ட் ஒன்றை அவளே தைத்துக் கொடுக்க முடியுமா, எந்த டிசைன், எங்கிருந்து ஆரம்பிப்பது?

முடியும். மூன்று மாதம் போதும், டிசைனை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட்டால். குவில்ட் வேலையில் நேரம் விழுங்குவது தையல் இல்லை, நடுவில் மனம் மாறுவதுதான்.

கடல் தீம் என்றதும் நங்கூரம், சுக்கான் சக்கரம், கலங்கரை விளக்கம், கடற்பறவை எல்லாம் அச்சடித்த துணிதான் முதலில் கண்ணில் படும். அவற்றை வாங்கிச் சதுரம் சதுரமாக வெட்டித் தைத்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும்தான். ஆனால் உங்கள் அண்ணன் கடலைப் பொம்மைப் படத்தில் பார்க்கிறவர் இல்லை, அங்கே வேலை செய்கிறவர். அவருக்குக் கொடுப்பதில் அவருடைய தொழிலின் மொழி இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்த மொழி ஏற்கெனவே துணியில்தான் இருக்கிறது: கப்பல்களின் சமிக்ஞைக் கொடிகள்.

ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, மொத்தம் 26. 1857-இல் பிரிட்டனின் வணிக வாரியம் வெளியிட்ட குறியீட்டிலிருந்து வளர்ந்தது இது. இன்றைய வடிவம் 1965-இல் ஏற்கப்பட்டு 1969-இல் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று ஐந்தே நிறங்கள். கடலில் தூரத்திலிருந்து பிரித்தறிய முடிகிறவை. வடிவங்களும் பட்டை, கட்டம், சிலுவை, முக்கோணம் என்று எளிமையானவை. குவில்ட் தைப்பவருக்கு இதைவிட வசதியான எழுத்து கிடையாது. அண்ணனின் பெயரைக் கொடிகளால் எழுதுங்கள். மற்றவர்களுக்கு அது வண்ண வண்ணமான டிசைனாகத் தெரியும், அவர் மட்டும் பார்த்தவுடன் படித்துவிடுவார்.

படித்துவிடுவார் என்பதால்தான் சரியாகத் தைக்க வேண்டும். கொடிக்கம்பம் இருக்கும் பக்கம் இடது பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கே என்றால் இடது பாதி மஞ்சள், வலது பாதி நீலம். ஹெச் என்றால் இடது வெள்ளை, வலது சிவப்பு. டீ (ஆங்கில வரிசையில் எஸ்-க்கு அடுத்தது) இடமிருந்து வலமாகச் சிவப்பு, வெள்ளை, நீலம்; திருப்பித் தைத்தால் பிரான்ஸ் நாட்டுக் கொடி ஆகிவிடும். கப்பலில் கொடிகளை ஒரே கயிற்றில் கோத்து ஏற்றுவார்கள், மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். ஆகவே பெயரைப் படுக்கை வரியாக இல்லாமல் செங்குத்தாக, ஒரு கயிற்றில் தொங்குவதுபோல அமையுங்கள்.

இன்னொன்று, கொடிகளுக்கு எழுத்தைத் தாண்டிய அர்த்தமும் உண்டு. தனியாக வி ஏற்றினால் "எனக்கு உதவி தேவை", டபிள்யூ ஏற்றினால் "மருத்துவ உதவி தேவை", ஓ ஏற்றினால் "ஆள் கடலில் விழுந்துவிட்டார்". என்-னும் அதன் கீழே சி-யும் சேர்ந்தால் "ஆபத்தில் இருக்கிறேன், உடனே உதவி வேண்டும்". முழுப் பெயருக்குள் இவை வருவதில் தவறில்லை. வின்சென்ட் என்ற பெயரில் என்-னும் சி-யும் அடுத்தடுத்துத்தான் வரும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முதலெழுத்துகளை மட்டும் போடுவதாக இருந்தால் என்ன சொல்கிறீர்கள் என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பிறந்தநாள் பரிசுக்கென்றே வைத்ததுபோல ஒரு ஜோடியும் இருக்கிறது: யூ, அதன் கீழே டபிள்யூ. "இனிய பயணம் அமையட்டும்" என்று ஒரு கப்பல் இன்னொன்றுக்குச் சொல்லும் வாழ்த்து அது. பெயருக்குக் கீழே ஓர் இடைவெளி விட்டு இந்த இரண்டையும் தைத்தால் வேறு வாழ்த்தே எழுத வேண்டாம்.

இப்போது அளவு. 52 × 64 இன்ச் போதும். சோபாவில் உட்கார்ந்து மடியில் போர்த்திக்கொள்ளலாம், மடித்துப் பையிலும் எடுத்துப் போகலாம். இதை எட்டு வரிசையாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் 8 இன்ச் உயரம். இடது ஓரத்தில் 12 இன்ச் அகலத்தில் கொடிகளின் பத்தி: 6 இன்ச் சதுரக் கொடி, இரண்டு பக்கமும் 3 இன்ச், மேலும் கீழும் 1 இன்ச் பின்னணித் துணி. மீதி 40 இன்ச்சில் வரிசைக்கு ஐந்து பிளாக், ஒவ்வொன்றும் 8 இன்ச் சதுரம். ஆக நாற்பது பிளாக். அதில் ஒரு பத்துப் பன்னிரண்டு இடத்தில் மட்டும் பாய்மரப் படகு, மற்றதெல்லாம் வெறும் நீலச் சதுரங்கள்: மேலே வெளிர் நீலம், இறங்க இறங்க அடர்ந்து கடைசி வரிசையில் ஏறக்குறைய கறுப்பாகும் நேவி நீலம். படகுகளை வரிசை கட்டி நிறுத்தாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுங்கள். நாற்பதிலும் படகு வைத்தால் துறைமுக நெரிசல் மாதிரி இருக்கும், கடல் தெரியாது. கொடிப் பத்தியில் எட்டு இடம் இருக்கிறது. பெயர் ஐந்து எழுத்தானால் ஐந்து கொடி, ஒரு வெற்றிடம், அப்புறம் யூ, டபிள்யூ: கச்சிதம். பெயர் நீளமானால் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுங்கள், அது இன்னும் நன்றாக இருக்கும்.

வெட்ட ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி), அதற்கு அடியில் போடும் மேட், இன்ச் கோடு போட்ட அகலமான பிளாஸ்டிக் ஸ்கேல் மூன்றும் வேண்டும். கத்தரியால் வெட்டி இந்தத் துல்லியத்தைக் கொண்டுவருவது மிகவும் கஷ்டம். துணி நூறு சதவீதம் காட்டன், எல்லாம் ஒரே கனத்தில். துணி கடைசியில் தீர்ந்துபோகாமல் இருக்க முதல் தடவையே கொஞ்சம் கூட வாங்கிவிடுங்கள். அதே நீலம் அடுத்த முறை அதே சாயத்தில் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

துணியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சாயம். சிவப்பும் நேவியும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் வருவதுதான் கடல் குவில்ட்டின் அழகு, அதன் பெரிய ஆபத்தும் அதுவே. அடர் சிவப்பிலும் அடர் நீலத்திலும் துணியில் பிடிக்காத உபரிச் சாயம் தங்கியிருக்கும். முதல் சலவையில் அது படகுகளின் வெள்ளைப் பாய்களில் ஏறி ரோஜா நிறமாக்கிவிடும். வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு அடர் துணியிலும் ஒரு சிறு துண்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணி மேல் வைத்து அழுத்தி, அப்படியே காயவிட்டுப் பாருங்கள். கறை இறங்கினால் அந்தத் துணியை மட்டும் தனியாக, அலசும் தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். அப்படியும் விடாமல் இறங்கினால் அந்தத் துணி வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இண்டிகோ சாயம் போட்ட துணி காய்ந்த நிலையிலேயே உரசினால் நிறம் விடக்கூடியது, வெள்ளைக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். சிலவற்றை முன்கூட்டி அலசினால் எல்லாவற்றையும் அலசிவிடுங்கள். ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் இருந்தால் பிறகு பிளாக் இழுத்துக்கொள்ளும்.

தைப்பதற்குக் கால் இன்ச்தான் விளிம்பு விட வேண்டும். உடை தைத்துப் பழகிய கைக்கு இது குறைவாகத் தோன்றும், பழகிவிடும். மெஷின் சரியாகக் கால் இன்ச் தைக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து இஸ்திரி போட்டு அளந்தால் 3½ இன்ச் வர வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் வெளியே போகிறது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜி கொடியில் ஆறு செங்குத்துப் பட்டை, அதாவது ஐந்து தையல். ஒவ்வொரு தையலும் 1/16 இன்ச் தள்ளிப்போனால், இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து தையலுக்கு 1/8 இன்ச் போகும், கொடி முடிகிறபோது 5/8 இன்ச் காணாமல் போயிருக்கும். பக்கத்தில் இருக்கும் பிளாக்கோடு அது எப்படிச் சேரும்?

கொடிகளில் பதினேழு வெறும் பட்டையும் கட்டமும்தான்: சி, டி, ஈ, ஜி, ஹெச், ஜே, கே, எல், என், பீ, க்யூ, ஆர், எஸ், டீ, யூ, டபிள்யூ, எக்ஸ். எல்லாவற்றையும் தைத்து முடித்து 6½ இன்ச்சுக்கு வெட்டிக்கொண்டால் குவில்ட்டில் சேர்ந்த பிறகு 6 இன்ச் ஆகும். சி கொடிக்கு மட்டும் கணக்கு இடிக்கும், ஐந்து பட்டையாக 6-ஐப் பிரித்தால் பின்னம் வரும். ஐந்தையும் 1¾ இன்ச் அகலத்தில் வெட்டித் தையுங்கள், 6¾ இன்ச் வரும், மேலும் கீழும் 1/8 இன்ச் சீவிவிடுங்கள். ஓரப் பட்டைகள் மயிரிழை குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. க்யூ ஒரே மஞ்சள், வேலையே இல்லை.

மீதி ஒன்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஓ ஒரே மூலைவிட்டம், எஃப் சதுரத்துக்குள் சாய்ந்த சதுரம், இசட் நான்கு முக்கோணம். இவை குவில்ட்காரர்களுக்குப் பழகிய வடிவங்கள். ஐ-யில் மஞ்சள் மேல் கறுப்பு வட்டம், அதை அப்ளிக்கேயாக, அதாவது வெட்டிய துணியை மேலே வைத்து ஒட்டித் தைப்பதே நல்லது. எம், வி இரண்டிலும் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. பின்னணிச் சதுரத்தை மூலைவிட்டமாக வெட்டி, நடுவே பட்டையைச் சேர்த்து, மறுபடி அடுத்த மூலைவிட்டத்தில் வெட்டி இரண்டாவது பட்டையைச் சேர்க்க வேண்டும். முதல் பட்டையின் இரண்டு துண்டும் நேர்கோட்டில் வருகிறதா என்று ஊசி குத்திப் பார்த்துவிட்டுத் தையுங்கள். ஒய்-யில் மஞ்சளும் சிவப்பும் சாய்வுப் பட்டைகள். பட்டைகளை முதலில் ஒரு விரிப்பாகத் தைத்துவிட்டு அதிலிருந்து சதுரத்தைச் சாய்வாக வெட்டி எடுக்கலாம்.

ஏ, பி இரண்டும் வலது ஓரத்தில் மீன்வால் போல வெட்டுப்பட்ட கொடிகள். குவில்ட் பழகியவர்களுக்கு இதற்கு 'பறக்கும் வாத்து' என்ற முக்கோண முறையைக் கையிலெடுக்கத் தோன்றும். அதில் வெட்டு கொடியின் பாதி வரைக்கும் ஆழமாகப் போய்விடும், கொடி கிழிந்தாற்போல இருக்கும். கொடியை முழுச் சதுரமாகத் தைத்துவிட்டு, பின்னணி நிறத்தில் 1½ இன்ச் ஆழமுள்ள முக்கோணத்தை வலது ஓரத்தில் அப்ளிக்கே செய்வதே சுலபம். ரவி என்ற பெயரை எடுத்துக்கொண்டால் ஆர் ஒரு மணி நேர வேலை, ஏ, வி, ஐ மூன்றும் இப்படி ஆளுக்கொரு விதமாக உட்கார வைக்கும். ஆகவே பெயரை முதலில் காகிதத்தில் கொடிகளாக வரைந்து வண்ணம் தீட்டிப் பார்த்துவிட்டு நாள் ஒதுக்குங்கள்.

படகு பிளாக் இதைவிடச் சுலபம், அழகும் அதிகம். 2 இன்ச் கட்டங்களாக நான்குக்கு நான்கு என்று மனதில் வையுங்கள். முதல் வரிசையில் வானம், இரண்டு முக்கோணக் கட்டம், வானம். இரண்டாவதில் ஓரங்களில் முக்கோணக் கட்டம், நடுவில் பாயின் இரண்டு சதுரம். இவை சேர்ந்து உச்சி கூரான பாயாகிவிடும். இடது பாதியை வெள்ளையாகவும் வலது பாதியைச் சிவப்பாகவும் வைத்தால் இரண்டு பாய் போலத் தெரியும். மூன்றாவது வரிசை படகின் உடல், இரு ஓரத்திலும் முக்கோணக் கட்டம். கடைசியில் 2½ × 8½ இன்ச் கடல் பட்டை. படகின் ஓர முக்கோணங்களில் மறுபாதிக்கு வான நிறம் போட்டால் படகு தண்ணீர் மேல் வைத்ததுபோல நிற்கும், கடல் நிறம் போட்டால் தண்ணீருக்குள் அமர்ந்திருக்கும். கடல் நிறம் போடுங்கள்.

முக்கோணக் கட்டத்துக்கு முக்கோணமாக வெட்டவே வேண்டாம். 3 இன்ச் சதுரம் இரண்டு நிறத்தில் ஒவ்வொன்று எடுத்து, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி வைத்து, பின்பக்கம் மூலைவிட்டக் கோடு போடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரண்டு கட்டம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 2½ இன்ச்சுக்குச் சீவுங்கள். சீவும்போது ஸ்கேலின் மூலைவிட்டக் கோடு தையல் மேலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பாயின் உச்சி மழுங்கிவிடும். மூலைவிட்ட ஓரம் துணியின் கிராஸ் வாட்டம் என்பதால் இழுபடும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். ஒரு படகுக்கு மூன்று ஜோடிச் சதுரம் போதும்: வானமும் வெள்ளையும், வானமும் சிவப்பும், படகும் கடலும். அதோடு 2½ இன்ச்சில் வானம் இரண்டு, வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, படகு நிறம் இரண்டு.

தையலுக்கு விட்ட மடிப்பை எப்போதும் அடர் நிறத் துணி பக்கமாக இஸ்திரி போட்டுச் சாயுங்கள். வெள்ளைக்கு அடியில் நேவி மடிப்போ பிரிந்த நூலோ தங்கினால் முன்னால் நிழலாகத் தெரியும். அடுக்கைச் சேர்ப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நூல் நுனிகளை நறுக்கிவிடுங்கள். தைத்து மூடிய பிறகு எடுக்க வழியில்லை.

தேடும்போது உங்களுக்கு மெரினர்ஸ் காம்பஸ் என்ற பழைய டிசைனும் தட்டுப்படும், 16 அல்லது 32 கூர்முனைகளோடு திசைகாட்டி மலர். அவ்வளவு அழகான கடல் டிசைன் வேறில்லை. ஆனால் அதைக் காகிதத்தின் மேல் வைத்துத் தைக்க வேண்டும், ஊசிமுனை போன்ற நுனிகள் எல்லாம் மழுங்காமல் வர வேண்டும், வட்டத்தைச் சதுரத்தில் பொருத்த வேண்டும். முதல் குவில்ட்டுக்கு, அதுவும் தேதி குறித்த பரிசுக்கு, நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்டார்ம் அட் சீ என்ற இன்னொரு டிசைன் வேறு கதை: அதில் ஒரு வளைவுகூடக் கிடையாது, சதுரமும் சாய்சதுரமும் முக்கோணமும் மட்டும்தான். ஆனாலும் சாய்வுக் கோடுகளைக் கண் தொடர்ந்து போகும்போது அலை புரளுவதுபோலவே தெரியும். அடுத்த குவில்ட்டுக்கு அதை மனதில் வையுங்கள்.

மேல்பாகம் தயாரானதும் பின்பக்கத் துணியும் நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பும் நான்கு பக்கமும் 4 இன்ச் கூடுதலாக, அதாவது 60 × 72 இன்ச் வேண்டும். பேட்டிங் காட்டனில் எடுங்கள், பாலியஸ்டர் உப்பலாக நிற்கும், கொடிகளின் நேர்கோடு நெளியும். பின்துணியைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, மூன்றையும் அடுக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் பின்பக்கம் மடிப்பு விழும்.

மூன்றையும் சேர்த்துத் தைக்க வாக்கிங் ஃபூட் என்ற பாதம் வேண்டும். அது மேல்துணியையும் கீழ்த்துணியையும் ஒரே வேகத்தில் தள்ளும். தையல் நீளம் 3 மி.மீ. அளவில் இருக்கட்டும். கொடிகளை அவற்றின் தையல் கோட்டிலேயே தைத்து விட்டுவிடுங்கள். மீதி முழுவதும் இடமிருந்து வலமாக அலைக்கோடுகள். கீழ் வரிசைகளில் அலை உயரமாகவும் நெருக்கமாகவும், மேலே போகப் போகத் தட்டையாகி, வானத்துக்கு வரும்போது ஏறக்குறைய நேர்கோடாக. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போங்கள். எல்லாக் கோடும் ஒரே மாதிரி வர வேண்டிய அவசியம் இல்லை, வராமல் இருப்பதுதான் இங்கே அழகு. கோடுகளுக்கு இடையே அதிகபட்சம் எவ்வளவு விடலாம் என்று பேட்டிங் உறையிலேயே போட்டிருப்பார்கள். 3 இன்ச் என்றால் பெரும்பாலும் பாதுகாப்பு. குறி போட அழியும் பேனா வைத்திருந்தால் குறியை அழிக்கும்வரை அதன் மேல் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் சிலவகை மை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். கைத்தையலில் ஆசை இருந்தால் கீழ் வரிசை நேவிச் சதுரம் ஒன்றில் மட்டும் தடித்த வெள்ளை நூலால் ஜப்பானியர்களின் செய்கைஹா அலையைப் போடலாம். ஒன்றன் மேல் ஒன்று செதிலாக அடுக்கிய அரைவட்டங்கள்; நேவி மேல் வெள்ளை நூல் அருமையாக எடுத்துக்காட்டும்.

ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் பட்டையான பைண்டிங்குக்குச் சுற்றளவு 232 இன்ச், மடிப்புக்கும் இணைப்புக்கும் 12 இன்ச் கூட்டினால் 244. 2½ இன்ச் அகலப் பட்டை, 40 இன்ச் நீளம் கிடைக்கிற துணியானால் ஏழு பட்டை. இதிலும் அண்ணனுக்கு ஒரு சேதி வைக்கலாம்: கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் இடது பக்க விளக்கு சிவப்பு, வலது பக்கம் பச்சை. குவில்ட்டின் இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் பச்சை, மேலும் கீழும் நேவி. நான்கு மூலையிலும் நிறம் மாற வேண்டும் என்பதால், இரண்டு பக்க ஓரங்களை முதலில் முடித்துவிட்டு மேலும் கீழும் தனித்தனியாக வைத்துத் தையுங்கள், மூலையை மடித்துத் திருப்பும் வேலை மிச்சம். அப்படி நிறம் மாற்றித் தைத்தால் ஒவ்வொரு ஓரத்துக்கும் தனிப் பட்டை வெட்டுவதால் மொத்தம் எட்டு வேண்டியிருக்கும்.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். பைண்டிங்கின் பின்பக்கத்தைக் கையால் தைத்து முடிக்கக் கடைசி இரண்டு வாரம், மூன்றடுக்குத் தையலுக்கு அதற்கு முந்தைய மூன்று வாரம். கொடிகளும் படகுகளும் முதல் ஆறு வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். நடுவில் பிசகினால் படகுகளைக் குறையுங்கள், கொடிகளில் கைவைக்காதீர்கள்.

பின்பக்க மூலையில் ஒரு சிறு துணியில் யார் யாருக்காகத் தைத்தது, தேதி, துவைக்கும் முறை மூன்றையும் அழியாத பேனாவால் எழுதித் தைத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் நீங்களே முதல் சலவையைப் போடுங்கள்: குளிர்ந்த தண்ணீர், சாயம் பிடிக்கும் தாள் இரண்டு மூன்று, முடிந்ததும் உடனே எடுத்துப் படுக்கையாக விரித்துக் காயவைப்பது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால்தான் சிவப்பு பக்கத்துக்குப் பாயும். காட்டன் பேட்டிங் அந்த முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கி, அலைக்கோடுகள் எல்லாம் லேசாக எழும்பும். அந்தச் சுருக்கத்தை இஸ்திரி போட்டு எடுத்துவிடாதீர்கள்.